கைக்குள் அடங்கும் அழகு: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: எனக்கு வயது 54. திருமணமான நாள்முதல் சின்னச் சின்ன அலங்காரப் பொருள்களைச் சேர்த்து வருகிறேன். மரச் செப்பு, கட்டைவிரல் அளவுப் பித்தளை யானை, கண்ணாடி அன்னம், களிமண் கிளி என்று இரண்டு தட்டு நிறைந்துவிட்டது. விலையுயர்ந்தது எதுவும் இல்லை. “பணம் கொடுத்துத் தூசியை வாங்குகிறாய்” என்று வீட்டில் குறைபட்டுக்கொள்கிறார்கள். இந்த வயதில் இந்த ஆசை தேவைதானா?
– வாசகி, தென்காசி

பதில்: சகோதரி, தேவை என்ற அளவுகோலை வைத்தால் நம் வீட்டுக் கோலமும் தலையில் சூடும் பூவும்கூட அதற்குள் அடங்குவதில்லை. ஆகவே அந்தக் கேள்வியை ஒதுக்கிவிட்டு, இந்தப் பொருள்கள் உங்களுக்கு என்ன தருகின்றன என்று பார்ப்போம்.

உங்கள் ஊருக்கு அதிகத் தொலைவில்லாத அம்பாசமுத்திரத்தில், கடைசல் பட்டறையில் செய்து அரக்கு வண்ணம் ஏற்றிய மரச் செப்புகளை நீங்கள் கட்டாயம் பார்த்திருப்பீர்கள். என் பாட்டி எனக்குக் கொடுத்துச் சென்ற செப்புச் சாமான் பெட்டி ஒன்று இன்றும் என் மேசைமேல் இருக்கிறது. அதில் குடம், அம்மி, ஆட்டுக்கல், திருகை, இட்லிக் கொப்பரை எல்லாம் உண்டு. அந்தத் திருகையின் மேல்கல் என் சுண்டுவிரல் நகத்தைவிடச் சற்றே பெரியது. ஆனாலும் பிடியைப் பற்றித் திருப்பினால் இன்றும் சுற்றும். செய்தவர் அதை அசையாமல் ஒட்டிவைத்திருந்தாலும் குழந்தைக்கு விளையாட்டு குறைந்திருக்காது. அப்படியிருந்தும் சுற்றும்படி செய்திருக்கிறார். சிறு பொருளைக் கையில் எடுக்கும்போது வரும் மகிழ்ச்சியில் பாதி, முகமறியாத அந்தக் கைவினைஞரின் அக்கறையை நாம் கண்டுகொள்வதால் வருவது என்றே நான் நினைக்கிறேன். மறுபாதி, அடுக்களையில் இரண்டு கையாலும் தூக்க முடியாமல் கனத்த ஒன்று இங்கே உள்ளங்கைக்குள் வந்து அமர்ந்திருப்பதைக் காணும் வியப்பு. பிள்ளைத்தமிழ் பாடியவர்கள் சிறுதேர் உருட்டுவதற்கும் சிறுபறை முழக்குவதற்கும் தனித்தனிப் பருவமே வகுத்தார்கள். சிறியதைப் பார்த்து உருகும் மனம் நமக்குப் புதிதன்று.

தூசி பற்றிய குறையில் நியாயம் உண்டு. கண்ணாடிக் கதவு போட்ட சிறிய அலமாரி ஒன்று வாங்கினால் அது பெரும்பாலும் தீர்ந்துவிடும். ஒன்றை மட்டும் உரிமையோடு சொல்கிறேன்: சுற்றுலா போகும் இடத்திலெல்லாம் அச்சில் வார்த்த ஒரேமாதிரிப் பொருள்களைப் பத்துப் பத்தாக வாங்காதீர்கள். எங்கே, யாரிடம், எதற்காக வாங்கினோம் என்று ஐந்தாண்டு கழித்துச் சொல்ல முடியாத பொருள் அலமாரியை நிறைக்குமே தவிர, உங்களுக்குத் துணையாக இருக்காது.

கேள்வி: தஞ்சாவூர்த் தலையாட்டிப் பொம்மையை எப்படிச் சாய்த்தாலும் எழுந்து நிற்கிறதே, அது எப்படி? தலையும் இடுப்பும் தனித்தனியாக ஆடும் நடனப் பெண் பொம்மையும் அதே முறையில் செய்ததா?
– வாசகர், விழுப்புரம்

பதில்: இரண்டும் வேறு வேறு. சாய்ந்தாடும் ராஜா, ராணி பொம்மைகளின் அடிப்பாகம் கிண்ணத்தைப் போல வளைந்து, களிமண்ணால் கனமாக இருக்கும்; மேற்பாகம் இலேசானது. அதனால் பொம்மையின் ஈர்ப்பு மையம், அடிப்பாகத்தின் வளைவு மையத்துக்கும் கீழே அமைந்துவிடுகிறது. பொம்மையைச் சாய்க்கும்போது அந்த ஈர்ப்பு மையம் சற்று மேலே உயர்கிறது. விட்டவுடன் தன் தாழ்ந்த நிலைக்குத் திரும்புவதற்காகப் பொம்மை தானே நிமிர்கிறது. நடனப் பெண்ணோ காகிதக்கூழால் செய்த தனித்தனித் துண்டுகள். பாவாடை, உடல், தலை ஆகிய ஒவ்வொன்றும் தனக்குக் கீழுள்ள துண்டிலிருந்து நீளும் கம்பி முனையில் சமநிலையோடு நிற்பதால், ஒரு விரல் பட்டாலும் மூன்றும் வெவ்வேறு வேகத்தில் ஆடும். தஞ்சாவூர்ப் பொம்மைகள் புவிசார் குறியீடும் பெற்றவை. வாங்கும்போது நடனப் பொம்மையைத் துண்டு துண்டாகக் கழற்றிப் பார்த்து, கம்பி வளையாமல் நேராக இருக்கிறதா என்று கவனியுங்கள்.

கேள்வி: ஜப்பானில் வேலை பார்க்கும் மகன், சுருண்டு படுத்திருக்கும் எலி உருவம் ஒன்றை அனுப்பினான். மரத்தாலானது, எலுமிச்சையைவிடச் சிறியது. அதன் அடியில் இரண்டு துளைகள் இருக்கின்றன. அவை எதற்கு?
– வாசகி, கோயம்புத்தூர்

பதில்: உங்கள் மகனுக்கு நல்ல ரசனை. நீங்கள் சொல்வதைப் பார்த்தால் அது ‘நெட்சுகே’ வகையைச் சேர்ந்தது. ஜப்பானியரின் கிமோனோ உடையில் சட்டைப்பை கிடையாது. 1603 முதல் 1868 வரையிலான எடோ காலத்தில், ஆடவர் தம் புகையிலைப் பையையும் மருந்துச் சிமிழையும் ஒரு கயிற்றில் கட்டி இடுப்புக் கச்சையிலிருந்து தொங்கவிட்டார்கள். கயிறு நழுவாமல் இருக்க, அதன் மேல்முனையில் கட்டிக் கச்சைக்கு மேலே நிறுத்திய குமிழ்தான் நெட்சுகே. உங்கள் எலியின் அடியிலுள்ள துளைகள் கயிறு கோப்பதற்கானவை. ஆடையில் சிக்கக்கூடாது என்பதால் கூரிய முனை எதுவும் வெளியே நீளாமல், வாலையும் காலையும் உடலோடு சேர்த்தே செதுக்கினார்கள். எலி சுருண்டு படுத்திருப்பதன் காரணமும் அதுவாகவே இருக்கலாம். மேற்கத்திய உடை பரவிய பிறகு இந்தக் குமிழுக்கு வேலை இல்லாமல் போயிற்று. ஆனால் அதன் அழகுக்காகவே உலகெங்கும் தேடிச் சேர்ப்பவர்கள் உருவானார்கள். அடியிலுள்ள துளைகளையும் காணும்படி, கண்ணாடித் தட்டின்மேல் வையுங்கள்.

கேள்வி: பித்தளைச் சிறு விளக்குகள் கறுத்துவிட்டன. புளி போட்டுத் தேய்க்கலாமா? கர்நாடகத்துச் சென்னபட்டணத்தில் செய்யும் அரக்கு பூசிய மரப் பொம்மைகளை எப்படித் துடைப்பது?
– வாசகர், மதுரை

பதில்: அன்றாடம் ஏற்றும் விளக்கென்றால் புளி போதும்; புளியிலுள்ள அமிலம் மேற்பரப்பின் கறையைக் கரைத்துவிடும். கழுவியவுடன் ஈரம் போகத் துடைக்காவிட்டால் இடுக்குகளில் பச்சை படியும். ஆனால் நுணுக்கமான வேலைப்பாடுள்ள பழைய சிற்றுருவங்களை மீண்டும் மீண்டும் தேய்க்காதீர்கள். கண், நகை, விரல் எல்லாம் மழுங்கிப்போகும். பாட்டி காலத்துப் பித்தளை யானையைப் புதிதாக்க நினைத்து, அதன் முகபடாத்தின் கோடுகளை நானே அழித்துவிட்ட வருத்தத்தில் சொல்கிறேன். கறுப்பும் அந்தப் பொருளின் வயதுதான், இருக்கட்டும்.

சென்னபட்டணத்தில், சுழலும் மரத்தின்மேல் வண்ண அரக்குக் குச்சியை அழுத்தும்போது உண்டாகும் வெப்பத்தால் அரக்கு உருகி மரத்தில் படிகிறது. வெப்பத்தில் படிந்தது வெப்பத்தில் இளகும் என்பதால், வெயில் விழும் சன்னல் ஓரம் வேண்டாம். அரக்கு சாராயத்தில் கரையும். ஆகவே சாராயம் (ஆல்கஹால்) கலந்த கைச்சுத்திகரிப்பு நீர் பட்டால் பளபளப்பு போய்விடும். உலர்ந்த பருத்தித் துணியே போதும்.

கேள்வி: கடற்கரைக் கடையில் பவளப்பாறைத் துண்டு ஒன்று கிடைத்தது. அலமாரியில் வைக்கலாமா?
– வாசகி, நாகர்கோவில்

பதில்: வேண்டாம். பாறையை உருவாக்கும் பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ்ப் பாதுகாக்கப்பட்டவை; அவற்றை விற்பது குற்றம். உயிர் ஒன்றின் வீட்டை உடைத்து வந்த அழகு நமக்குத் தேவையில்லை. யானைத் தந்தத்துக்கும் இதுவே என் பதில்.

கேள்வி: என் பொருள்களைக் கொலுவின்போது மட்டும் வெளியே எடுக்கிறேன். ஆண்டு முழுவதும் வைத்தால் சலித்துவிடுமோ?
– வாசகி, சென்னை

பதில்: எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் வைத்தால் கண் எதன்மேலும் நிற்காது. ஏழெட்டை மட்டும் வெளியே வைத்து, மாதப் பிறப்பன்று மாற்றுங்கள். மாற்றும்போது ஒவ்வொன்றையும் கையில் எடுத்துத் துடைத்து, பருத்தித் துணியில் சுற்றிப் பெட்டியில் வையுங்கள். வீட்டில் குழந்தை இருந்தால் அதையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள். உடையாத மரப்பாச்சியையோ செப்பையோ அதன் கையில் கொடுங்கள்.