தூசி, இரைச்சல், நிற்கும் வேலை: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: நூற்பாலையில் பஞ்சைச் சிக்கெடுக்கும் கார்டிங் பிரிவில் இருக்கிறேன். வார விடுமுறை முடிந்து வேலைக்குத் திரும்பும் முதல் நாள் மட்டும் நெஞ்சு இறுக்குகிறது, மறுநாளே குறைந்துவிடுகிறது. பொருட்படுத்த வேண்டுமா?

பதில்: கட்டாயம் பொருட்படுத்துங்கள். பஞ்சுத் தூசியால் வரும் ‘பிசினோசிஸ்’ என்னும் நுரையீரல் நோயின் தொடக்க அறிகுறி இதுவே. இங்கிலாந்தின் லங்காஷயர் ஆலைகளில் 1950களில் ஆய்வு செய்த மருத்துவர் ஷில்லிங், இந்தத் ‘திங்கட்கிழமை இறுக்கத்தை’ வைத்தே நோயைப் படிநிலைகளாகப் பிரித்தார். முதலில் ஒரு நாளோடு நிற்கும் இறுக்கம், தூசி தொடர்ந்தால் வாரம் முழுவதும் பரவி, பிறகு மீளாத மூச்சுத்திணறலாகிவிடும். புகைப்பழக்கம் இருந்தால் பாதிப்பு மேலும் கூடும். வாரத்தின் நடுவே ஊதிப் பார்க்கும் சோதனை இதைத் தவறவிடக்கூடும் என்பதால், விடுமுறைக்குப் பிந்தைய முதல் ஷிப்டுக்கு முன்பும் பின்பும் ‘ஸ்பைரோமெட்ரி’ என்னும் அந்த ஊதும் சோதனையைச் செய்யும்படி மருத்துவரிடம் கேளுங்கள். ஷிப்டுக்குப் பின் ஊதும் அளவு குறைந்தால், தூசி குறைந்த பிரிவுக்கு மாற்றம் கேட்க அந்த அறிக்கையே ஆதாரம்.

கேள்வி: எங்கள் கிரானைட் பட்டறையில் 20 ஆண்டுகளாகக் கல் அறுப்பவர்கள் திடமாக இருக்கிறார்கள். மூக்கில் துண்டு கட்டினால் போதாதா?

பதில்: ஆய்வாளர்கள் பெரிதும் அஞ்சும் பிழை இந்தக் கேள்வியிலேயே இருக்கிறது. இருமல் முற்றியவர் வேலையை விட்டு ஊருக்குப் போய்விடுகிறார். தாக்குப்பிடித்தவர் மட்டுமே பட்டறையில் மிஞ்சுகிறார். மிஞ்சியவர்களை மட்டும் எண்ணினால் எந்தத் தொழிலும் பாதுகாப்பானதாகவே தோன்றும். ஆகவே, விலகிப் போனவர்களையும் தேடிப்பிடித்துப் பரிசோதிக்காத ஆய்வு எதையும் நான் முழுமையாக நம்புவதில்லை.

கல்லை அறுக்கும்போது எழுந்து நுரையீரலின் அடி வரை செல்லும் சிலிக்கா துகள் கண்ணுக்கே தெரியாத அளவு நுண்ணியது. துணியின் இழைகளுக்கிடையே அது எளிதாகப் புகுந்துவிடும். இந்தத் தூசியால் நுரையீரல் தழும்பேறும் சிலிகோசிஸ் நோய் வந்தபின் அதைக் குணப்படுத்த மருந்தில்லை, காசநோய் தொற்றும் வாய்ப்பும் கூடுகிறது. படிக சிலிக்கா தூசி புற்றுநோயை உண்டாக்கும் என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 1997இல் வகைப்படுத்தியது. எக்ஸ்ரேயில் நிழல் தெரிவதற்கே பல ஆண்டுகள் ஆகலாம். இன்றைய எக்ஸ்ரே தெளிவாக இருப்பது இன்றைய காற்று சுத்தம் என்பதற்குச் சான்றல்ல. அறுக்கும் இடத்தில் தொடர்ந்து நீர் பாய்ச்சுவதும், தூசி எழும் இடத்திலேயே அதை உறிஞ்சி எடுப்பதும்தான் முதல் வழி. முகத்தோடு இறுகப் பொருந்தும் என்-95 முகக்கவசம் அதற்கு அடுத்தது.

கேள்வி: விசைத்தறிக் கூடத்தின் இரைச்சல் காது கேட்பதைப் பாதிக்குமா?

பதில்: பாதிக்கும். கையெட்டும் தூரத்தில் நிற்பவரிடம் கத்திப் பேச வேண்டியிருந்தால், இரைச்சல் 85 டெசிபலைத் தாண்டியிருக்க வாய்ப்பு அதிகம். அமெரிக்காவின் பணியிடப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ் 8 மணி நேரத்துக்குப் பரிந்துரைக்கும் உச்ச அளவு அதுதான். அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் அங்கே இருக்கலாகும் நேரம் பாதியாகும். இழந்த செவித்திறன் திரும்பாது. காதடைப்பானை இப்போதே அணியத் தொடங்குங்கள்.

கேள்வி: ஜவுளிக்கடையில் நாள் முழுக்க நிற்கிறேன். உட்காரக் கேட்பது உரிமையா?

பதில்: உரிமைதான். தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 2021இல் சேர்க்கப்பட்ட 22-ஏ பிரிவு, ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்கிறது. வேலை நேரத்தின் பெரும்பகுதியை நின்றே கழிப்பவர்கள் கால் ரத்தநாளங்கள் வீங்கிச் சுருளும் சுருள் நரம்புக்காக (வெரிகோஸ் வெயின்) மருத்துவமனையில் சேர்வது அதிகம் என்று டென்மார்க் ஆய்வு ஒன்று 2005இல் காட்டியது. நாற்காலியைப் போட்டுவிட்டு உட்கார விடாமல் தடுத்தால், தொழிலாளர் துறை ஆய்வாளரிடம் எழுத்துமூலம் புகார் கொடுங்கள்.