வாசகர் கேள்வி – பதில்: உப்பு தாங்கும் பாக்டீரியாவில் புதிய மருந்து

கேள்வி: உப்பளம், உப்பு ஏரி போன்ற இடங்களில் வாழும் பாக்டீரியாக்களில் புதிய ஆன்டிபயாடிக் தேடுகிறார்களே, உப்புக்கும் மருந்துக்கும் என்ன தொடர்பு?

நேரடித் தொடர்பு இல்லை. உப்பைத் தாங்குவதாலேயே ஒரு பாக்டீரியா மருந்து சுரந்துவிடாது. 1943இல் ஸ்ட்ரெப்டோமைசின் என்ற ஆன்டிபயாடிக் கிடைத்ததிலிருந்து, அதைத் தந்த ஆக்டினோபாக்டீரியா என்ற மண் பாக்டீரியா வகையைச் சாதாரண மண்ணில் சலித்து எடுத்துவிட்டார்கள். இப்போது அங்கே தேடினால் பெரும்பாலும் பழைய மூலக்கூறுகளே திரும்பத் திரும்பக் கிடைக்கின்றன. உப்பு மிகுந்த இடங்களில் அவ்வளவு தேடல் நடக்கவில்லை என்பதே உண்மையான காரணம். ஜப்பான் கடல் படிவில் எடுத்த வெருகோசிஸ்போரா என்ற ஆக்டினோபாக்டீரியா தந்த அபிசோமைசின் சி என்ற பொருள், பாக்டீரியா தனக்குத் தேவையான ஃபோலேட் என்ற வைட்டமினைத் தயாரிக்கும் பாதையை மறிக்கிறது. மெத்திசிலின் என்ற ஆன்டிபயாடிக்குக்கு அடங்காத ஸ்டாஃபைலோகாக்கஸ் என்ற நோய்க்கிருமியையும் தடுக்கிறது. தேடுவது வீண்போகாது என்பதற்கு இது ஒன்றே போதும்.

கேள்வி: கல்லூரி ஆய்வகத்தில் உப்பு மண்ணிலிருந்து ஒரு பாக்டீரியாவைப் பிரித்தோம். 15% உப்பு கலந்த அகாரில் (பாக்டீரியா வளர்க்கும் கூழ்) அதைக் கோடாக இழுத்து, குறுக்கே சோதனைக்கான ஈ. கோலை பாக்டீரியாவை இழுத்தால் ஈ. கோலை வளரவே இல்லை. மருந்து கிடைத்துவிட்டதா?

இல்லை. ஈ. கோலையைத் தடுத்தது உங்கள் பாக்டீரியா அல்ல, உப்பு. 15% உப்பில் ஈ. கோலை தானாகவே வளராது. ஸ்டாஃபைலோகாக்கஸ் 7.5% உப்பிலும் நன்றாக வளரும் (அதைப் பிரித்தெடுக்கப் பயன்படும் மானிடால் சால்ட் அகாரின் அடிப்படையே அதுதான்). ஆகவே இடைப்பட்ட உப்பளவில் சோதித்தால், 'கிராம் நெகட்டிவை (ஈ. கோலை சேர்ந்த பாக்டீரியா வகை) மட்டும் கொல்லும் அரிய பொருள்' கிடைத்தது போல ஒரு பொய்த் தோற்றம் வரும். இந்தத் துறையில் மிக எளிதாக ஏமாறும் இடம் இது.

சோதனையை இப்படி மாற்றுங்கள். பாக்டீரியாவை அதற்குப் பிடித்த உப்பளவில் 7 முதல் 14 நாள் குலுக்கி வளர்த்து, செல்களைச் சுழற்றிப் பிரியுங்கள். தெளிந்த திரவத்தின் பிஎச்சை 7க்குக் கொண்டுவாருங்கள். அமிலமும், மருந்தைப் போலவே, சுற்றிலும் பாக்டீரியா வளராத வெற்று வளையம் போடும். சம அளவு எத்தில் அசிட்டேட் (நீரோடு கலக்காமல் மேலே நிற்கும் கரைப்பான்) சேர்த்து இரண்டு மூன்று முறை பிரித்தெடுங்கள். உப்பு நீரிலேயே தங்கிவிடும். மேலடுக்கைக் குறைந்த அழுத்தத்தில் 40 டிகிரியில் வற்றவைத்து, டிஎம்எஸ்ஓ என்ற கரைப்பானில் மில்லிலிட்டருக்கு 10 மில்லிகிராம் கரைத்து, ஈ. கோலை பூசிய, உப்பு கூட்டாத அகார் தட்டில் வெட்டிய குழியில் விடுங்கள். பாக்டீரியா இடாத அதே ஊடகத்தையும் இதே வழியில் பிரித்தெடுத்துப் பக்கத்துக் குழியில் விடுங்கள். இன்னொரு குழியில் வெறும் டிஎம்எஸ்ஓ. இவை இரண்டும் சும்மா இருந்து, உங்கள் குழி மட்டும் வளையம் போட்டால்தான் மேலே போகலாம்.

வளையம் மறைந்துவிட்டால் உடனே கைவிடாதீர்கள். நீரில் அதிகம் கரையும் பெப்டைடுகள் (சிறு புரதத் துண்டுகள்) எத்தில் அசிட்டேட்டுக்கு வராது. திரவத்தில், கரைந்த பொருள்களை ஒட்டவைத்துக்கொள்ளும் எக்ஸ்ஏடி-16 பிசின் மணிகளைப் போட்டு, வாலை வடிநீரால் உப்பைக் கழுவி, ஒட்டியதை மெத்தனாலில் இறக்கிப் பாருங்கள்.

கேள்வி: எங்கள் தட்டுகளில் இரண்டே வாரத்தில் உப்புப் படிகம் பூத்துவிடுகிறது. அகாரும் கொழகொழவென்று இருக்கிறது. ஏன்?

உப்பு அதிகமானால் அகார் சரியாக இறுகாது. லிட்டருக்கு 15 கிராமுக்குப் பதில் 20 கிராம் போடுங்கள். படிகம் பூப்பது நீர் வற்றுவதால். தட்டுக்கு 25 மில்லிலிட்டர் ஊற்றி, ஓரத்தைப் பாராஃபில்மால் (இழுபடும் மெழுகுப் படலம்) சுற்றி, ஈரத்துணி வைத்த மூடிய பெட்டியில் வையுங்கள். மெதுவாக வளரும் ஆக்டினோபாக்டீரியாவுக்கு நான்கு முதல் ஆறு வாரம்கூட ஆகும். அதற்குள் வற்றினால், நீங்கள் குறித்துவைத்த உப்பளவுக்கே பொருளில்லை.

கேள்வி: பாக்டீரியாவை அடையாளம் காண உதவும் 16எஸ் மரபணுவின் வரிசை, இது புதிய சிற்றினம் என்கிறது. அப்படியானால் மருந்தும் புதியதுதானே?

அப்படிச் சொல்ல முடியாது. புதிய சிற்றினம் பழைய மருந்தைச் சுரக்கலாம். பழகிய சிற்றினம் புதியதைத் தரலாம். கலவையைப் பிரித்து எடை காட்டும் எல்சி-எம்எஸ் கருவியில் மூலக்கூறு எடையைப் பார்த்து, தெரிந்த பொருள்களின் தரவுத்தளத்தோடு ஒப்பிட்ட பிறகே சுத்திகரிப்பில் இறங்குங்கள். அதற்கு முன்பே, முதல் வளர்ப்பிலிருந்து 20% கிளிசராலில், அதே உப்பளவு சேர்த்து, மைனஸ் 80 டிகிரியில் பல குப்பிகள் உறையவையுங்கள். தட்டு மாற்றித் தட்டு மாற்றி வளர்த்தால் சில பாக்டீரியாக்கள் சுரப்பதையே நிறுத்திவிடும்.