கொல்லையில் நீச்சல் குளம்: அடியில் நிற்கும் தண்ணீரைப் பற்றிச் சில கேள்விகள்

டெல்டா மாவட்டங்களில் வீட்டுக் கொல்லையில் நீச்சல் குளம் கட்டுபவர்கள் கூடிவிட்டார்கள். வந்திருக்கும் கேள்விகளில் பாதி டைல்ஸ் நிறத்தையும் விளக்கு அலங்காரத்தையும் பற்றியவை. அவற்றைப் பிறகு பார்க்கலாம். நம் மண்ணில் குளத்தைக் கெடுப்பது பெரும்பாலும் வெளியே, அடியில், கண்ணுக்குத் தெரியாமல் நிற்கும் தண்ணீர்தான். அதைத் தொட்ட கேள்விகளை முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

ஆவணியில் பூமி பூஜை போட்டுப் பொங்கலுக்குள் முடித்துத் தருவதாக ஒப்பந்தக்காரர் சொல்கிறார். எங்கள் வீடு குடமுருட்டி ஆற்றிலிருந்து கூப்பிடு தூரம். தொடங்கலாமா? – பாபநாசம் வாசகர்

தொடங்க வேண்டாம். பூஜையை வேண்டுமானால் ஆவணியில் போட்டுக்கொள்ளுங்கள். மண்வெட்டியைத் தை கடைசியில் எடுங்கள்.

மேட்டூர் அணை வழக்கமாக ஜூன் 12-இல் திறக்கப்பட்டு ஜனவரி 28-இல் மூடப்படும். சில ஆண்டுகளில் தேதி முன்பின் ஆகும். ஆற்றிலும் வாய்க்காலிலும் தண்ணீர் ஓடத் தொடங்கிவிட்டால் கொல்லைக் கிணற்றில் உறை உறையாக மட்டம் ஏறும். அதன்மேல் ஐப்பசி, கார்த்திகை மழை. அந்த நேரத்தில் ஆறடிப் பள்ளம் தோண்டினால் காலையில் அது குட்டையாகத்தான் இருக்கும். மோட்டார் வைத்து இறைத்துக்கொண்டே காங்கிரீட் போடலாம் என்பார்கள். இறைக்கும்போது தண்ணீரோடு மணலும் வண்டலும் சேர்ந்து வருகின்றன. பக்கத்து வீட்டு அஸ்திவாரத்தின் அடியிலிருந்தும் வரக்கூடும். இறுகாத காங்கிரீட்டில் ஊற்று புகுந்தால் சிமெண்ட் பால் கழுவப்பட்டு ஜல்லி மட்டும் மிஞ்சும். பிறகு எத்தனை கோட் பூச்சு அடித்தாலும் அங்கே கசியும்.

தை கடைசியில் தோண்டி, மாசி பங்குனியில் காங்கிரீட் முடித்து, சித்திரையில் நீர் நிரப்பிச் சோதித்து, ஆனியில் ஆற்றுத் தண்ணீர் வருவதற்குள் குளம் நிறைந்து நிற்க வேண்டும். கோடையில் நீராற்றுவதில் சோம்பல் கூடாது. 14 நாளாவது சாக்கு போட்டு நனைத்துக்கொண்டே இருக்க வேண்டும்.

அதற்கு முன் இந்த ஐப்பசியில் ஒரு வேலை செய்யுங்கள். குளம் வரப்போகும் இடத்தில் எட்டடி ஆழத்துக்கு ஒரு துளை போட்டு, பக்கங்களில் சிறு ஓட்டைகள் இட்ட நாலங்குல பிளாஸ்டிக் குழாயை இறக்குங்கள். சணல் கயிற்றின் நுனியில் ஒரு கல்லைக் கட்டி உள்ளே விட்டால், நனைந்த இடம் தண்ணீர் மட்டத்தைக் காட்டிவிடும். தரையிலிருந்து எத்தனை அடியில் தண்ணீர் நிற்கிறது என்று ஞாயிற்றுக்கிழமைதோறும் அளந்து சுவரில் எழுதி வாருங்கள். தைக்குள் உங்கள் கையில் இருக்கும் அந்தக் கணக்கு எந்த ஒப்பந்தக்காரரும் கொண்டுவரும் வரைபடத்தைவிட மதிப்புள்ளது. குளத்தின் அடித்தளம் எவ்வளவு ஆழம் போகலாம் என்பதை அதுதான் முடிவு செய்யும்.

தீபாவளிக்குப் பிள்ளைகள் வருகிறார்கள். குளத்தை முழுக்க இறைத்து, தேய்த்துக் கழுவி, புதுத் தண்ணீர் நிரப்பலாம் என்றிருக்கிறோம். – மன்னார்குடி வாசகி

அம்மா, இதைப் படித்ததும் மோட்டாரை நிறுத்திவிடுங்கள்.

ஒரு கணக்குச் சொல்கிறேன். 8 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம், 1.5 மீட்டர் ஆழம், சுவரும் தளமும் 20 சென்டிமீட்டர் கனம். இப்படியொரு காங்கிரீட் குளத்தின் எடை ஏறத்தாழ 37 டன். மழைக்காலத்தில் நிலத்தடி நீர் தரைமட்டம் வரை ஏறிவிட்டால் அது குளத்தைக் கீழிருந்து தூக்கும் விசை ஏறத்தாழ 63 டன். உள்ளே 48 டன் தண்ணீர் இருக்கும்வரை குளம் அசையாது. அதை இறைத்துவிட்டால் காலிக் குளம் ஒரு பரிசல். பக்கத்து மண்ணின் பிடிப்பு கொஞ்சம் தடுக்கும்; நனைந்து குழைந்த களிமண்ணை நம்பி வீட்டுக் காசைப் போட முடியாது.

சில ஆண்டுகளுக்கு முன் வலங்கைமான் பக்கம் ஒரு வீட்டில் இதேபோல் இரவில் இறைத்துவிட்டார்கள். மூன்று நாளாக விடாத மழை. விடியற்காலையில் என்னைக் கூப்பிட்டார்கள். குளத்தின் வடகிழக்கு மூலை நாலு விரற்கடை மேலே வந்திருந்தது. ஓரத்தில் பதித்த கடப்பைக் கற்கள் நெம்பிக்கொண்டு நின்றன. வடிகட்டிக்குப் போகும் குழாய் வளைவில் ஒடிந்திருந்தது. விரிசலுக்குள் ஒரு தவளை உட்கார்ந்திருந்தது. அந்தக் குளத்தைக் கட்டியவன் நான். மழைக்காலத்தில் இறைக்கக் கூடாது என்று வாயால் சொன்னேன், எழுதிக் கொடுக்கவில்லை. அன்றிலிருந்து நான் கட்டும் ஒவ்வொரு குளத்தின் மோட்டார் அறைச் சுவரிலும் 'ஆடி முதல் தை வரை காலி செய்யாதீர்கள்' என்று பெயிண்டில் எழுதிவிட்டுத்தான் சாவியைக் கொடுக்கிறேன்.

உங்கள் குளத்தில் தண்ணீரை மாற்ற வேண்டிய அவசியமே இல்லை. அடி வண்டலை உறிஞ்சு குழாயால் எடுத்து, சுவரைத் தண்ணீருக்குள்ளேயே பிரஷ்ஷால் தேய்த்து, சாயங்காலம் குளோரின் போட்டு வடிகட்டியை ஓடவிடுங்கள். வெயிலில் போட்ட குளோரினை வெயிலே தின்றுவிடும். சோதனைப் பெட்டியில் குளோரின் லிட்டருக்கு 1 முதல் 3 மில்லிகிராம், பிஎச் அளவு 7.2 முதல் 7.8 என்று காட்டினால் பேரப்பிள்ளைகள் தாராளமாக இறங்கலாம்.

இதையெல்லாம் கேட்டால் பயமாக இருக்கிறது. எங்கள் ஊரில் கார்த்திகையில் இரண்டடி தோண்டினாலே தண்ணீர். அப்படியானால் குளமே கட்டக் கூடாதா? – திருத்துறைப்பூண்டி வாசகர்

கட்டலாம். ஆழத்தைக் குறைத்து, குளத்தைத் தரைக்கு மேலே தூக்குங்கள். நீந்துவதற்கு நாலரை அடித் தண்ணீர் போதும். அதில் இரண்டடியைத் தரைக்கு மேலே எழுப்பினால் சுற்றிலும் திண்ணைபோல் உட்கார இடமும் கிடைக்கும், வாசல் மழைநீரும் சேறும் குளத்துக்குள் ஓடி வராது. எனக்கு மிகவும் பிடித்த அமைப்பு இதுதான்.

தளத்துக்கு அடியில் அரையடி கனத்துக்கு முக்கால் அங்குல ஜல்லி பரப்பச் சொல்லுங்கள். அந்த ஜல்லிப் படுகையோடு சேரும்படி குளத்துக்கு வெளியே ஓர் ஆறங்குலக் குழாயை நட்டுவையுங்கள். பிற்காலத்தில் பழுது பார்க்கக் காலி செய்ய நேர்ந்தால், முதலில் இந்தக் குழாயில் சிறு மோட்டாரை இறக்கி அடித் தண்ணீரை வடித்துவிட்டு, அதன்பிறகு குளத்தை இறைக்கலாம். அடித்தளத்தில் வைக்கும் அழுத்தம் விடுவிக்கும் வால்வு நல்லதுதான். ஆனால் நம் வண்டலில் அது அடைத்துக்கொள்ளும். அதை மட்டும் நம்பாதீர்கள்.

தோண்டிய களியைச் சுவருக்குப் பின்னால் திரும்பக் கொட்ட விடாதீர்கள். சித்திரையில் கை நுழையும் அளவு வெடிக்கிற அதே மண் ஐப்பசியில் ஊதிச் சுவரைத் தள்ளும். அந்த இடத்தை மணலால் நிரப்புங்கள். வல்லம், ஒரத்தநாடு பக்கம் செம்புறாங்கல் மண்ணில் கட்டுகிறவர்களுக்கு இந்தத் தொல்லை குறைவு.

செங்கல் சுவர் கட்டிப் பூசினால் பாதிச் செலவு என்கிறார் எங்கள் மேஸ்திரி. – கும்பகோணம் வாசகர்

குடிநீர்த் தொட்டி கட்டிய அனுபவத்தில் சொல்கிறார். சிறு தொட்டிக்குச் சரி. இவ்வளவு நீளச் சுவர், உள்ளே ஒரு அழுத்தம், வெளியே ஒரு அழுத்தம், நடுவில் ஊதிச் சுருங்கும் மண் என்றால் செங்கல் தாங்காது; பூச்சு முதல் கோடையிலேயே மயிரிழை விடும். கம்பி கட்டிய காங்கிரீட்தான் வேண்டும். எம்30 தரம், கம்பிக்கு வெளியே 45 மில்லிமீட்டர் காங்கிரீட் மூடல், தளமும் சுவரும் சேரும் இடத்தில் நீர்த்தடுப்புப் பட்டை. இந்த மூன்றையும் ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள். காங்கிரீட் போடுவதற்கு முந்தின நாள் நீங்களே ஒரு டேப்போடு இறங்கி, கம்பிக்கும் பலகைக்கும் நடுவே உள்ள இடைவெளியை அளந்து பாருங்கள். கொத்தனாருக்கு அதனால் மனத்தாங்கல் வந்தால் வரட்டும்.

ஆயத்தமாக வரும் ஃபைபர் குளத்தையும் சிலர் கேட்கிறார்கள். எடை மிகக் குறைவு என்பதால் இன்னும் எளிதாக மிதக்கும். உயர்ந்த மேட்டு மனையில் மட்டும் யோசியுங்கள்.

போர் தண்ணீர் தெளிவாகத்தான் வந்தது. குளோரின் போட்ட ஒரு மணி நேரத்தில் குளம் முழுக்கத் தேநீர் நிறம். ஏமாற்றிவிட்டார்களா? – திருவிடைமருதூர் வாசகர்

யாரும் ஏமாற்றவில்லை. உங்கள் ஆழ்துளைக் கிணற்று நீரில் இரும்பு கரைந்திருக்கிறது. குளோரின் பட்டதும் அது துருவாகப் பிரிந்து நிறம் காட்டுகிறது. குளிக்காமல் வடிகட்டியை ஓடவிட்டு, அடிக்கடி வடிகட்டியைப் பின்னோட்டத்தில் கழுவி, அடியில் படிந்ததை உறிஞ்சி வெளியேற்றினால் சில நாளில் தெளியும். டைல்ஸில் கறை ஏறும் முன் செய்யுங்கள். அடுத்த முறை நிரப்புவதற்கு முன் தண்ணீரை ஆய்வகத்தில் கொடுத்து இரும்பு, உப்பு, கடினத்தன்மை மூன்றும் பார்த்துவிடுங்கள்.

வேதாரண்யம் பக்கம் எங்களுக்கு உப்புத் தண்ணீர். கட்டுமானத்துக்காவது பயன்படுத்தலாமா?

கூடாது. நீராற்றுவதற்கும் கூடாது. உப்பு கம்பியைத் தின்றுவிடும். ஐந்தாறு ஆண்டில் சுவர் ஓடு ஓடாக உரியத் தொடங்கும். கம்பி கட்டும் காங்கிரீட்டுக்குக் கலக்கும் நீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது விதி. நல்ல தண்ணீர் லாரியில் வரட்டும், அந்தச் செலவைப் பார்க்காதீர்கள். உங்கள் பகுதிக்கு இன்னொன்று: 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபின் பல நாள் மின்சாரம் இல்லாமல் தவித்தோம். வடிகட்டி நின்ற குளம் சில நாளிலேயே பச்சையாகும், கொசு முட்டையிடும். மோட்டாருக்கு ஜெனரேட்டர் இணைப்பு ஒன்றை இப்போதே வைத்துவிடுங்கள்.

தினமும் அரை விரற்கடை தண்ணீர் குறைகிறது. கசிவா, வெயிலா? – மயிலாடுதுறை வாசகர்

வாளி சொல்லும். ஒரு வாளியில் குளத்துத் தண்ணீரை மொண்டு குளத்தின் படியில் வையுங்கள். உள்ளே உள்ள மட்டமும் வெளியே குளத்தின் மட்டமும் ஒன்றாக இருக்கும்படி நிரப்பி, இரண்டையும் வாளியிலேயே குறியுங்கள். மோட்டார் ஓடாமல், யாரும் இறங்காமல் 24 மணி நேரம். இரண்டும் ஒரே அளவு குறைந்திருந்தால் வெயில்தான் காரணம். குளத்தில் கூடுதலாகக் குறைந்திருந்தால் கசிகிறது. கோடையில் நாளுக்கு 5, 6 மில்லிமீட்டர் ஆவியாவது சாதாரணம்.

நாலு வயதுப் பேரனும் இரண்டு வயதுப் பேத்தியும் எங்களோடு இருக்கிறார்கள். வேலி போட்டால் கொல்லையின் அழகு கெடும் என்று என் மகன் மறுக்கிறான். நீங்கள் சொன்னால் கேட்பான். – ஒரு பாட்டி, திருவாரூர்

தம்பி, உங்களுக்குத்தான் எழுதுகிறேன். குழந்தை தண்ணீரில் விழுந்தால் கத்தாது. கத்துவதற்கு மூச்சு இருக்காது. அடுக்களையில் பால் பொங்குவதைப் பார்த்து அடுப்பை அணைத்துத் திரும்பும் நேரம் போதும். வீட்டில் அத்தனை பேர் இருக்கிறார்களே என்பது காவல் ஆகாது. எல்லோரும் இருக்கும் வீட்டில் அவரவர் இன்னொருவர் பார்க்கிறார் என்று நினைத்துக்கொள்வார்கள்.

நாலடிக்குக் குறையாத வேலி, நாலு பக்கமும். வீட்டுப் பின்கட்டுக் கதவு நேராகக் குளத்தில் திறக்கக் கூடாது. வேலிக் கதவு வெளிப்பக்கம் திறந்து, தானாக மூடிக்கொள்ள வேண்டும்; தாழ்ப்பாள் குழந்தைக்கு எட்டாத உயரத்தில். கம்பிகள் செங்குத்தாக இருக்கட்டும், குறுக்குக் கம்பி ஏணியாகிவிடும். வேலியருகே நாற்காலி, பூந்தொட்டி எதையும் வைக்காதீர்கள். அடியில் உள்ள உறிஞ்சு துளை ஒன்று மட்டும் என்றால் தலைமுடியோ கையோ சிக்கிக்கொள்ளும். இடைவெளி விட்டு இரண்டு, அதற்கென்றே செய்த மூடியோடு. நீருக்குள் எரியும் விளக்கு 12 வோல்ட் மட்டும். குளத்தின் மின் இணைப்பு முழுவதற்கும் 30 மில்லிஆம்பியர் மின்கசிவுத் துண்டிப்பான் கட்டாயம்.

வேலி நிற்கும்வரை குளத்தில் தண்ணீர் விடாதீர்கள். அம்மா சொல்வதைக் கேளுங்கள்.

வேப்பமரம் பத்தடி தூரத்தில். வெட்டிவிடலாமா?

வேண்டாம். முடிந்தால் குளத்தைத் தள்ளி வையுங்கள். இலை உதிர்வு மாசியிலும் பங்குனியிலும் தொல்லை தரும், வலை போட்டால் தீரும். மட்டை விழும் தென்னைக்கு அடியில் மட்டும் குளம் வேண்டாம்.

அனுமதி வேண்டுமா?

வேண்டும். வீட்டு வரைபடத்திலேயே குளத்தையும் காட்டி ஊராட்சியிலோ நகராட்சியிலோ ஒப்புதல் பெறுங்கள். இடம் இன்னும் நஞ்சை என்றே பதிவில் இருந்தால் முதலில் நிலப் பயன்பாட்டு மாற்றம். வாய்க்கால் புறம்போக்கு உங்கள் கொல்லைக்குள் நீண்டிருக்கிறதா என்று அளந்து பார்த்துவிட்டுத் தோண்டுங்கள்.

ஒப்பந்தக்காரர் டைல்ஸ் ஒட்டும் முன் முக்கால் பங்குக்கு மேல் பணம் கேட்கிறார். – நன்னிலம் வாசகர்

டைல்ஸ் ஒட்டுவதற்கு முன் வெறும் காங்கிரீட்டில் தண்ணீர் நிரப்பிச் சோதித்தாரா? அதைக் கேளுங்கள் முதலில். நிரப்பி ஒரு வாரம் ஊறவிட்டு, அடுத்த வாரம் முழுக்க மட்டத்தைக் குறித்து வர வேண்டும். வெளிச்சுவரில் ஈரப் புள்ளி தெரிகிறதா என்று பார்க்க வேண்டும் என்பதால் அதற்குப் பிறகுதான் பக்கத்து மணலை நிரப்புவது. சோதனையில் தேறினால் அந்தக் கட்டப் பணம், தேறாவிட்டால் இல்லை. மொத்தத்தில் பத்தில் ஒரு பங்கை ஒரு மழைக்காலம் கழியும்வரை நிறுத்தி வையுங்கள். நேர்மையான ஒப்பந்தக்காரர் இதற்கு ஒப்புக்கொள்வார். நான் ஒப்புக்கொண்டுதான் வேலை செய்கிறேன்.

வடிகட்டி கழுவும் தண்ணீரைப் பின்னால் ஓடும் வாய்க்காலில் விடலாமா? – குத்தாலம் வாசகர்

விடாதீர்கள். கீழே ஒருவர் நாற்றங்காலுக்கு அந்தத் தண்ணீரைப் பாய்ச்சுவார், இன்னொருவர் மாட்டைக் குளிப்பாட்டுவார். கொல்லையிலேயே ஜல்லி நிரப்பிய உறிஞ்சு குழி ஒன்று வெட்டி அதில் விடுங்கள். கோடையில் குளத்துத் தண்ணீரைக் கொஞ்சம் குறைக்க வேண்டியிருந்தால், நாலைந்து நாள் குளோரின் போடாமல் வெயிலில் விட்டு, சோதனையில் சுழி என்று காட்டியபின் தென்னைக்குப் பாய்ச்சலாம். உப்பிலிருந்து குளோரின் எடுக்கும் கருவி வைத்திருப்பவர்கள் தென்னைக்கும் விடக் கூடாது.