கோல் குவிக்கும் ஸ்ட்ரைக்கர் இருந்தால் டிஃபென்ஸ் பலவீனமாகத்தான் ஆகுமா?

கால்பந்தில் கோல் மழை பொழியும் ஸ்ட்ரைக்கரை வைத்துக்கொண்டு டிஃபென்ஸையும் கெட்டியாக வைப்பது எப்படி, மேனேஜர்கள் இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். தேவையில்லை. ஸ்ட்ரைக்கரைப் பற்றி நாம் எவ்வளவு பேசினாலும், கணக்கு நேராவதும் கெடுவதும் நடுக்களமான மிட்ஃபீல்டில்தான்.

இங்கிலாந்து பிரீமியர் லீக்கில் 2013-14 லிவர்பூலை எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்ட்ரைக்கர்கள் சுவாரெஸ் 31, ஸ்டரிட்ஜ் 21, அணி மொத்தம் 101 கோல். ஆனால் எதிரணிகளிடம் வாங்கியது 50. பட்டம் வென்ற மான்செஸ்டர் சிட்டி அடித்தது 102, வாங்கியது 37. அடித்ததில் ஒரே ஒரு கோல்தான் வித்தியாசம்! கிரிஸ்டல் பேலஸுடன் 3-0 என்று முன்னிலையில் இருந்து, கடைசிக் கட்டத்தில் 3-3 ஆக்கிக்கொண்ட ஆட்டத்தை லிவர்பூல் ரசிகர்களிடம் பேசாமல் இருப்பது நல்லது. பழியை சுவாரெஸ் மேல் போட முடியாது. ஓரங்களில் தடுக்கும் ஃபுல்பேக்குகள் மேலே ஏறிய பிறகு, டிஃபென்ஸுக்கு முன்னால் இருந்த அவ்வளவு பெரிய இடத்தை முப்பது வயது தாண்டிய மிட்ஃபீல்டர் ஜெரார்டு காவல் காத்துக்கொண்டிருந்தார்.

இதே தப்பை ரியல் மாட்ரிட் காசு கொடுத்தே செய்தது. 2003இல் பெக்காமை வாங்கிவிட்டு, டிஃபென்ஸுக்கு முன்னால் காவல் நின்ற மிட்ஃபீல்டர் மக்கலேலேயை செல்சிக்கு விற்றார்கள். ரொனால்டோ, ரவுல், ஜிடேன், ஃபிகோ என்று முன்னால் பட்டாளமே இருந்தும், அடுத்த லீக் பட்டம் 2006-07இல்தான் வந்தது. மக்கலேலே போய்ச் சேர்ந்த செல்சியோ, 2004-05இல் மேனேஜர் மொரீனியோவின் கீழ் 38 ஆட்டங்களில் வெறும் 15 கோல் வாங்கி லீக்கை வென்றது.

எனக்குப் பிடித்த உதாரணம் மான்செஸ்டர் சிட்டியின் ஸ்ட்ரைக்கர் ஹாலண்ட். அவர் வருவதற்கு முந்தைய 2021-22 சீசனில், அசல் ஸ்ட்ரைக்கர் என்று யாரையும் நம்பாமல் ஆடிய சிட்டி 99 கோல் அடித்து 26 வாங்கியது. அவர் வந்து 36 கோல் அடித்து பிரீமியர் லீக் சாதனை படைத்த 2022-23இல் அணியின் கணக்கு 94, 33. அதாவது அடித்தது குறைந்து, வாங்கியது கூடியது. பந்தை அதிகம் தொடாமல் பெனால்டி பாக்ஸ் பக்கமே காத்திருப்பவர் அவர். நடுவில் பந்தைச் சுற்ற ஒரு ஆள் குறையத்தானே செய்யும்? மேனேஜர் கார்டியோலா அவரை ஓடி ஓடி உழைக்கச் சொல்லி வீணாக்கவில்லை. மேலே ஏறி ஆடும் ஃபுல்பேக்குகளுக்குப் பதிலாக, அக்கே, அகாஞ்சி போன்ற, வழக்கமாக நடுவில் நின்று தடுக்கும் அசல் சென்டர்பேக்குகளையே ஓரங்களில் நிறுத்தினார். பந்து தங்களிடம் இருக்கும்போது டிஃபெண்டர் ஸ்டோன்ஸை மிட்ஃபீல்டர் ரோட்ரிக்குப் பக்கத்தில் ஏற்றிவிட்டார். இப்படிச் செய்தால் நடுவிலும் ஆள் இருக்கும், பந்து பறிபோனால் பின்னாலும் ஆள் இருக்கும். அந்த ஆண்டு மூன்று பெரிய கோப்பைகளும் சிட்டிக்குத்தான்.

தலைகீழாகவும் செய்யலாம். 2018 உலகக்கோப்பையில் பிரான்ஸின் ஸ்ட்ரைக்கர் ஜிரூ ஒரு கோல்கூட அடிக்கவில்லை. ஆனாலும் மேனேஜர் தெஷாம் அவரைக் கைவிடவில்லை. டிஃபெண்டர்களை அவர் இழுத்துப் பிடித்துக்கொள்ள, எம்பாப்பேயும் கிரீஸ்மேனும் ஆளுக்கு நான்கு அடித்தார்கள். இடது ஓரத்தில் தாக்கி ஆடும் இன்னொரு விங்கரைப் போடாமல், ஓடிக் களைக்காத மிட்ஃபீல்டர் மத்துய்தியை வைத்ததால் வலப்பக்கம் எம்பாப்பே கவலையில்லாமல் மேலேயே நிற்க முடிந்தது.

அப்புறம், ஸ்ட்ரைக்கரையே கீழே இறக்கித் தடுக்கச் சொல்லும் வழியும் உண்டு. கார்னர் நேரத்தில் உயரமானவர்களுக்கு அது கட்டாய வேலை. மற்ற நேரத்தில் அதில் கொஞ்சம் ஆபத்து இருக்கிறது. 2012 சாம்பியன்ஸ் லீக் இறுதியில் 88ஆவது நிமிடத்தில் தலையால் முட்டி சமன் கோல் அடித்து செல்சியைக் காப்பாற்றிய ஸ்ட்ரைக்கர் ட்ரோக்பா, கூடுதல் நேரத்தில் தன் பாக்ஸுக்குள் உதவப் போய் எதிரணியான பேயர்னின் ரிபெரியைத் தட்டிவிட்டு பெனால்டி கொடுத்தார். பேயர்னின் ராபன் அடித்ததை செல்சி கோல்கீப்பர் செக் பிடித்துவிட்டதால் தப்பித்தார். கடைசியில் ஷூட்அவுட்டில் வெற்றி கோலை அடித்ததும் அவரேதான்.