அந்தியேட்டி முடிந்தபிறகு அந்த வீட்டுக்குப் போங்கள்

கோண்டாவிலிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "என் நண்பனின் அப்பாவுக்கு ஏழு வருடமாக மறதி நோய். ஊரில் 'அறளை பேர்ந்துவிட்டது' என்றுதான் சொன்னார்கள். கடைசி இரண்டு வருடம் படுக்கை, போன மாதம் நிமோனியாவில் போய்விட்டார். முழுக்கப் பார்த்தது நண்பனும் அவனுடைய அம்மாவும்தான். இப்போது நண்பன் அழுவதே இல்லை. அம்மா சாமத்தில் எழும்பிப் படலை பூட்டியிருக்கிறதா என்று பார்க்கிறாராம். கனடாவிலிருந்து வந்த அண்ணன், ஆஸ்பத்திரியில் வைத்திருந்தால் இன்னும் கொஞ்சக் காலம் இருந்திருப்பார் என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போய்விட்டார். 31ஆம் நாள் அந்தியேட்டிக் கிரியையும் முடிந்துவிட்டது. நான் என்ன செய்யலாம்?"

நண்பன் அழாததை நினைத்து முதலில் பயப்படாதீர்கள். பெற்ற அப்பா முகத்தைப் பார்த்து "தம்பி, நீர் ஆரின்ர பிள்ளை?" என்று கேட்ட அன்றைக்கே அவன் குசினிக்குள் போய் நின்று அழுதிருப்பான், அதை யாரும் செத்தவீடு என்று சொல்லி வந்து விசாரித்திருக்க மாட்டார்கள். மறதி நோயில் ஆளை இரண்டு தரம் இழக்கவேண்டும், ஊர் கூடுவது இரண்டாவதுக்கு மட்டும். அதோடு இப்போது அவன் மனதில் ஒரு நிம்மதியும் இருக்கும், இன்றைக்கு இரவு பம்பர்ஸ் மாற்றத் தேவையில்லை என்ற நிம்மதி. அது வந்த அடுத்த நிமிடமே வெட்கமும் வரும். நீங்களாக எடுத்துச் சொல்லுங்கள்: "களைச்சுப் போனாய் மச்சான், இப்ப மூச்சு விடுறதில பிழை இல்லை." யாராவது ஒருவர் வாய்திறந்து சொன்னால்தான் அது இறங்கும்.

அண்ணன் சொன்ன வசனம்தான் எனக்கு ஆகப் பெரிய கவலை. அது அந்த வீட்டில் கிடந்து புழுக்கும், நாளைக்குக் காணி உறுதி எழுதும் நேரம் வேறு உருவத்தில் வெளியே வரும். விஷயம் இதுதான். மறதி நோய் முற்றும்போது நினைவு மட்டும் போவதில்லை, விழுங்குவதை நடத்துகிற மூளைப் பகுதியும் பழுதாகிறது. கஞ்சியோ தண்ணீரோ, சில நேரம் சொந்த எச்சில்கூட, வயிற்றுக்குப் போகாமல் மூச்சுக்குழாய்க்குள் போகும். அதனால் வருகிற நிமோனியா இந்த நோயாளிகள் இறப்பதற்குப் பொதுவான காரணங்களில் ஒன்று, ஆஸ்பத்திரிக் கட்டிலிலும் அதே நிமோனியா வரும். மூக்கால் குழாய் விட்டு ஊட்டியிருக்கலாமே என்று சிலர் கேட்பார்கள். நோய் முற்றிய நிலையில் அது ஆயுளைக் கூட்டுவதாகவோ நிமோனியாவைத் தடுப்பதாகவோ ஆய்வுகளில் தெரியவரவில்லை. ஆகவே அம்மா கரண்டியால் ஊட்டிய கஞ்சிதான் கொன்றது என்று அம்மாவே நினைத்துக்கொண்டிருந்தால் (பலர் நினைக்கிறார்கள், வெளியே சொல்வதில்லை) அதை மாற்றவேண்டும். அப்பாவைப் பார்த்த டொக்டரிடம் நண்பனையும் அம்மாவையும் கூட்டிக்கொண்டு போங்கள், அண்ணனை வீடியோ கோலில் எடுங்கள், டொக்டர் வாயாலேயே மூவரும் கேட்கட்டும். அண்ணனோடு சண்டைக்குப் போகாதீர்கள். தூர இருந்து காசு அனுப்பின பிள்ளைக்குக் குற்ற உணர்ச்சி வேறு மாதிரி வரும், அது பெரும்பாலும் குற்றச்சாட்டாகத்தான் வாயில் வருகிறது.

சரி, அம்மா. இரண்டு வருடமாகப் படுக்கையில் கிடந்த மனிதர் படலையைத் திறந்து போகப்போவதில்லை என்று அவருக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் அதற்கு முந்தின வருடங்களில் அப்பா இரவில் ஒழுங்கைக்குள் இறங்கி நடந்திருப்பார், அப்போது பழகின காவலை உடம்பு இன்னும் விடவில்லை. சில மாதங்களில் தானாகக் குறையும். அப்பா கூப்பிட்டது போலக் கேட்டது என்று சொன்னாலும் பதறாதீர்கள்: 1971இல் வேல்ஸில் ஒரு டொக்டர் துணையை இழந்த 293 பேரிடம் விசாரித்தபோது, ஏறத்தாழப் பாதிப்பேர் இறந்தவரைக் கண்டதாக, கேட்டதாக, பக்கத்தில் இருப்பதாக உணர்ந்ததாகச் சொன்னார்கள்.

எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது பகல். காலை ஆறு மணிக்குத் துடைத்து, குளிசை கொடுத்து, புரட்டிப் படுக்கவைத்து என்று ஏழு வருடம் ஓடின மனிசிக்கு இப்போது செய்ய ஒன்றும் இல்லை. "ஓய்வெடுங்கோ அம்மா" என்பது அவருக்குத் தண்டனை. இத்தனை வருடமும் தன் பிறஷரையும் சீனியையும் பார்க்க நேரம் இருந்திருக்காது, அடுத்த கிளினிக் நாளுக்கு நீங்களே ஓட்டோ பிடித்துக் கூட்டிப்போங்கள். கோயிலுக்கோ சந்தைக்கோ துணைக்கு ஒரு ஆள் கிழமைக்கு இரண்டு தரம் வந்தால் போதும். அப்புறம் ஒரு சின்ன வேலை, இந்தக் கிழமையே செய்யுங்கள்: அப்பாவுக்குக் கொடுத்த நித்திரைக் குளிசைகளும் மற்றவையும் அலுமாரியில் மிச்சம் இருக்கும், எல்லாவற்றையும் எடுத்துப் பார்மசியிலோ ஆஸ்பத்திரியிலோ ஒப்படையுங்கள். நித்திரை வரவில்லை என்று அம்மா அதில் ஒன்றைப் போட்டுவிட்டு இரவில் தடக்கி விழுந்தால் இடுப்பு எலும்பு போய்விடும்.

நண்பன் கேட்காமல் கேட்கிற கேள்வி ஒன்றும் இருக்கும்: "எனக்கும் வருமா?" அப்பாவுக்கு 65 வயதுக்குப் பிறகு தொடங்கியதென்றால், பிள்ளைக்கு ஆபத்து கொஞ்சம் கூடுதல், ஆனால் கட்டாயம் வரும் என்று இல்லை. நேரடியாகப் பரம்பரையில் இறங்குகிற வகை மிக அரிது, அது பெரும்பாலும் 65க்கு முன்பே தொடங்கிவிடும். பிறஷர், நீரிழிவு, சிகரெட், காது கேளாமை, இவற்றைக் கவனித்தால் ஆபத்தைக் குறைக்கலாம்.

ஆறு மாதம் தாண்டியும் இருவரில் ஒருவருக்கு நாளாந்த வேலை ஓடவில்லை, ஏக்கம் கொஞ்சமும் தணியவில்லை என்றால் யாழ் போதனா வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்குக் கூட்டிப்போங்கள். சாப்பாடு அடியோடு நின்றாலோ "நானும் போயிருக்கலாம்" என்ற பேச்சு வந்தாலோ ஆறு மாதம் பார்க்கவேண்டாம், அன்றைக்கே போங்கள். 1926 என்ற மனநல உதவி இலக்கம் இரவிலும் எடுபடும்.

மற்றப்படி, அந்தியேட்டிக்கு அடித்த கல்வெட்டு, அந்த நினைவுப் புத்தகம், அவர்கள் வீட்டில் இருக்கும். அதில் இருக்கிற படம் அவர் நல்லாக இருந்த காலத்தில் எடுத்தது. அடுத்த தரம் போகும்போது அந்தப் படம் எப்ப, எங்கே எடுத்தது என்று அம்மாவிடம் கேளுங்கள், தேத்தண்ணி ஆறினாலும் பரவாயில்லை, அவர் சொல்லி முடிக்கும்வரை எழும்பாதீர்கள்.