ஹை-எண்ட் ஆடியோ கருவிகளின் விலை வருஷாவருஷம் ஏறுகிறதே, ஏறுவதற்குள் வாங்கிவிட வேண்டுமா?

வேண்டாம். "ஒன்றாம் தேதி முதல் புது விலை, அதற்குள் புக் செய்துவிடுங்கள்" என்று டீலரிடமிருந்து வரும் செய்தியை மட்டும் நம்பி லட்சக்கணக்கில் இறங்காதீர்கள்.

ஏற்றத்தில் நியாயமே இல்லை என்று சொல்ல மாட்டேன். 2020 அக்டோபரில் ஜப்பானின் நொபெயோகாவில் ஏகேஎம் கம்பெனியின் சிப் ஆலை தீப்பிடித்து எரிந்தது. அந்த சிப்பை நம்பி டிஏசி (டிஜிட்டல் பாட்டை ஒலி சிக்னலாக மாற்றும் கருவி) செய்துகொண்டிருந்தவர்கள் பலர் வேறு சிப்புக்காக சர்க்யூட்டையே புதிதாக வரைய வேண்டி வந்தது. கொரோனா காலத்தில் கன்டெய்னர் கட்டணம் பல மடங்கு ஏறியது. 2022 மார்ச்சில் ரஷ்யாவின் ஏற்றுமதித் தடையால் அந்நாட்டின் சரத்தோவ் நகர ஆலையில் செய்யும் வால்வுகளுக்கு (ஆம்ப்ளிஃபையரில் வரும் கண்ணாடிக் குழாய்கள்) திடீர்த் தட்டுப்பாடு. இதெல்லாம் உண்மையான செலவு.

ஆனால் சிப் திரும்பக் கிடைத்தது, கப்பல் கட்டணம் இறங்கியது. விலைப்பட்டியல் மட்டும் இறங்கவில்லை. அடுத்த வருட ஏற்றத்தை அந்த உயர்ந்த விலையின் மேல்தான் போட்டார்கள். அதே பெட்டி, அதே சர்க்யூட், ஒரு ஸ்க்ரூ கூட மாறியிருக்காது. டிசைனுக்கும் அச்சுகளுக்கும் போட்ட பணத்தை முதல் சில வருடங்களிலேயே எடுத்துவிட்ட மாடலுக்கும் விலை ஏறுவதுதான் எனக்குக் கோபம் தருகிறது. இதைத் தட்டிக் கேட்கவும் ஆள் இல்லை. ஏற்கெனவே வாங்கியவருக்குத் தன் செட்டின் மறுவிற்பனை விலை ஏறுவதில் சந்தோஷம். டீலருக்குக் கெடு தேதி காட்டி விற்க வசதி. அடிபடுவது இப்போதுதான் காது பழகி வரும் இளைஞர்கள்.

அமெரிக்க ஆடியோ கம்பெனி மெக்கின்டாஷின் எம்சி275 வால்வு ஆம்ப்ளிஃபையர் 1961-ல் 444 டாலர். அமெரிக்கப் பணவீக்கத்தைச் சேர்த்தால் இன்றைக்குச் சுமார் 4,800 வரும். இப்போதைய பதிப்பு 6,000 டாலருக்கும் மேல். கனெக்டர்களும் பாதுகாப்பு சர்க்யூட்டும் மேம்பட்டிருக்கின்றன, ஒப்புக்கொள்கிறேன். இருந்தாலும் இடைவெளி பெரிது.

மாற்று வழி இருக்கிறது என்பதை ஜப்பானின் டெக்னிக்ஸ் கம்பெனி காட்டியது. 2010-ல் நிறுத்திய எஸ்எல்-1200 டர்ன்டேபிளை (இசைத்தட்டு சுழற்றும் கருவி) 2016-ல் புது மோட்டாருடன் கொண்டுவந்தபோது விலை 4,000 டாலர். விலையைக் கேட்டவர்கள் கொதித்துப் போனார்கள். மறு வருடமே அந்த மோட்டாரின் எளிய வடிவத்தை வைத்து ஜிஆர் மாடலை 1,700 டாலருக்குக் கொடுத்தது. பெரிய வேலையை ஒருமுறை செய்து முடித்தபின் அதன் பலனைக் கீழ்விலை மாடலுக்கும் இறக்கித் தர முடியும். எத்தனை கம்பெனிகளுக்கு அந்த மனம் இருக்கிறது?

நம் ஊரில் வாங்குபவருக்கு இன்னொரு சுமை ரூபாய். 2014-ல் டாலருக்கு அறுபதை ஒட்டி இருந்தது, 2024-ல் 84. தயாரிப்பாளர் ஒரு சென்ட் கூட ஏற்றாவிட்டாலும் நமக்கு 40 சதவீதம் ஏற்றம். அதன் மேல் சுங்க வரி, சுங்க வரியையும் சேர்த்த தொகைக்கு ஜிஎஸ்டி, பிறகு விநியோகஸ்தரும் டீலரும் வைக்கும் லாபம். எல்லாமே சதவீதக் கணக்கு என்பதால் ஆலை வாசலில் சின்னதாக ஏறுவது கடையில் பெரிதாகிவிடுகிறது.

அதனால் நீங்கள் பார்க்கும் மாடல் எந்த வருடம் வந்தது என்று முதலில் பாருங்கள். வந்து நாலைந்து வருடம் ஆகியிருந்தால் அடுத்த பதிப்பு வரும்வரை பொறுங்கள். அது வந்ததும் பழைய ஸ்டாக்கையும் டெமோ பீஸையும் டீலரே விலை குறைத்துத் தள்ளுவார். பவர் ஆம்ப் (ஸ்பீக்கரை ஓட்டும் ஆம்ப்ளிஃபையர்), ஸ்பீக்கர் இரண்டையும் செகண்ட் ஹேண்டில் தைரியமாகத் தேடலாம். நன்றாகப் பராமரித்தவை இருபது வருடம் கழித்தும் பாடும். ஸ்பீக்கர் என்றால் வூஃபரைச் (தாழ்ந்த ஒலி தரும் பெரிய கூம்பு) சுற்றியுள்ள ஃபோம் நொறுங்கியிருக்கிறதா என்று விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு வாங்குங்கள். டர்ன்டேபிளில் ஊசியைத் தாங்கும் கார்ட்ரிட்ஜ் மட்டும் புதிதாகவே வாங்குங்கள், ஊசி எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று வெறும் கண்ணுக்குத் தெரியாது.