எரிமலை படிக்க ஆசைப்படும் மகளின் அம்மாவுக்கு

அம்மா, போனில் நீங்கள் கேட்டது இரண்டே கேள்விதான். எரிமலை மேலே ஏறிப் போய் ஏதாவது ஆகிவிட்டால் என்ன செய்வது, அப்புறம் இதைப் படித்தால் சோறு போடுமா.

முதல் கேள்விக்குப் பயமே வேண்டாம். உங்கள் மகள் மனதைப் பறிகொடுத்திருப்பது மலையேறும் வேலையில் இல்லை, செயற்கைக்கோள் படங்களை வைத்து எரிமலையை ஆராய்வதில். 2022 ஜனவரி 15 அன்று டோங்காவில் கடலடி எரிமலை வெடித்தபோது பக்கத்தில் நின்று அளக்க யாரும் இல்லை, கடலடி கேபிளும் அறுந்து அந்த நாடே தொடர்பில்லாமல் போனது. வழக்கமாகப் புகையின் உச்சி எவ்வளவு குளிர்ந்திருக்கிறது என்று பார்த்துத்தான் அதன் உயரத்தைக் கணக்கிடுவார்கள், ஆனால் இந்தப் புகை அந்தக் கணக்கே செல்லாத உயரத்துக்குப் போய்விட்டது. அதனால் வெவ்வேறு கோணத்தில் இருந்த வானிலை செயற்கைக்கோள்களின் படங்களை ஒப்பிட்டார்கள். ஒரு விரலை முகத்துக்கு நேரே நீட்டி ஒவ்வொரு கண்ணாக மூடிப் பாருங்கள், விரல் இடம் மாறுவதுபோல் தெரியும்; அந்த நகர்வை வைத்துத்தான் சுமார் 57 கிலோமீட்டர் என்று கண்டுபிடித்தார்கள். எனக்கு இன்றும் இது பிரமிப்புதான்.

சரி, வேலை. எரிமலையை மட்டும் நம்பி இறங்கினால் இந்தியாவில் வாய்ப்பு மிகக் குறைவு, இதை மறைக்க மாட்டேன். ஆனால் அவள் கற்பது படத்தைப் படிக்கும் கலை. 2024இல் வயநாட்டில் மண்சரிந்தபோது எவ்வளவு இடம் போனது என்று ஹைதராபாத் தேசிய தொலையுணர்வு (தூரத்திலிருந்தே படமெடுத்து ஆராய்வது) மையம் படங்களை வைத்துத்தான் காட்டியது. வெள்ளம், பயிர், புயல் எல்லாவற்றுக்கும் இந்தக் கைத்திறன் வேண்டும். 2025 ஜூலை 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவில் இருந்து போன நிசார் என்ற ரேடார் செயற்கைக்கோள், மேகத்தையும் இருட்டையும் தாண்டி நிலம் சில சென்டிமீட்டர் நகர்ந்தாலும் சொல்லிவிடும். அது அனுப்பும் தரவைப் பிரித்துப் பார்க்க ஆட்கள் வேண்டாமா?

ப்ளஸ் டூவில் கணிதத்தை மட்டும் விடவே கூடாது. கிண்டி பொறியியல் கல்லூரியில் பி.இ. ஜியோஇன்ஃபர்மேட்டிக்ஸ் (நிலப் படங்களையும் வரைபடங்களையும் கணினியில் ஆராயும் படிப்பு) இருக்கிறது. பாறையிலும் ஆர்வம் இருந்தால் பி.எஸ்சி., எம்.எஸ்சி. நிலவியல் (ஜியாலஜி) முடித்து, மத்திய அரசின் நிலவியல் ஆய்வுத் துறைக்கு (ஜி.எஸ்.ஐ.) யு.பி.எஸ்.சி. தேர்வு எழுதலாம். டேராடூன் தொலையுணர்வு நிறுவனம் இணையத்தில் இலவச வகுப்புகள் நடத்துகிறது.

ஃபீஸ் கட்டுவதற்கு முன் ஒன்று செய்யுங்கள். கோப்பர்நிகஸ் பிரவுசர் என்ற இலவசத் தளத்தில் அந்தமான் பக்கம் ஆளில்லாத பாரன் (Barren) தீவைத் தேடச் சொல்லுங்கள், இந்தியாவின் ஒரே உயிருள்ள எரிமலை அது. கடும் சூட்டைக் காட்டும் குறும் அகச்சிவப்புப் (SWIR) படத்தைத் தேர்ந்தெடுத்தால், எரிமலை சீறியிருக்கும் நாட்களில் அதன் வாயில் ஆரஞ்சுப் பொட்டு ஒன்று எரியும். ஐந்து நாளுக்கு ஒரு படம் வரும், பல நாள் வெறும் மேகம்தான் தெரியும். ஒரு மாதம் பார்த்து நோட்டில் எழுதட்டும். மேகத்தைப் பார்த்து அலுத்துப்போகிறாளா, அடுத்த படம் எப்போது வரும் என்று காலண்டரைப் பார்க்கிறாளா என்று கவனித்துவிட்டு எனக்குப் போன் செய்யுங்கள், எந்தக் கல்லூரி என்று அப்போது பேசிக்கொள்ளலாம்.